வாஷர் போனால் யார் மாற்றுவது? அடிபம்பு வழியே பொருத்தமான தொழில்நுட்பம்

பொருத்தமான தொழில்நுட்பம் என்ற தொடரைக் கேட்டவுடன் பலருக்கு ராட்டையும் மாட்டுவண்டியும் மண்சுவரும்தான் நினைவுக்கு வருகின்றன. பழமை மீதுள்ள பற்றுக்குச் சூட்டப்பட்ட நாகரிகமான பெயர் என்று அதை ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு கருவியை எடைபோடும் முறை. கருவியின் திறனை மட்டும் பார்க்காமல், அது புழங்கப்போகும் ஊரில் அதை இயக்க என்ன கிடைக்கும், பழுதானால் யார் கைவைப்பார், உதிரி பாகம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதற்குக் காசு கொடுப்பவர் யார் என்பவற்றையும் தட்டில் சேர்த்து வைத்து நிறுப்பது அம்முறை. இப்படி நிறுத்தால் பல இடங்களில் எளிய, பழகிய கருவியே வெல்லும். சில இடங்களில் தோற்கும். இரண்டையும் புரிந்துகொள்ள நாம் எல்லோரும் ஒரு முறையாவது அடித்துப் பார்த்திருக்கும் அடிபம்பைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் இந்தச் சிந்தனை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்கியல் பயின்றவர். பின்னர் காந்தியுடன் சேர்ந்து 1934-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். செக்கு, மாவரைக்கும் கல், காகிதத் தொழில் போன்றவற்றைக் கைவிடாமல் மேம்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய பொருளியலாளர் ஷூமாக்கர், தன் கட்டுரையொன்றில் குமரப்பாவை மேற்கோள் காட்டியிருக்கிறார். பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தின் பொருளியல் ஆலோசகராக இருந்தவருக்கு இந்த நாட்டம் எப்படி வந்தது என்று வியப்பவர்களும் உண்டு. ஏழை நாட்டுக் கிராமத்தில் இருக்கும் கருவியை ஒரு பவுண்டு தொழில்நுட்பம் என்றும், பணக்கார நாட்டு ஆலையில் இருப்பதை ஆயிரம் பவுண்டு தொழில்நுட்பம் என்றும் அடையாளத்துக்காகப் பெயரிட்ட அவர், முன்னதை அழித்துவிட்டுப் பின்னதை நேராகக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட இடையில் நூறு பவுண்டு தொழில்நுட்பம் ஒன்றை உருவாக்குவதே அறிவுடைமை என்றார். இதற்காகவே 1966-இல் லண்டனில் ஓர் அமைப்பையும் தொடங்கினார். அவர் சொன்ன நூறு பவுண்டுக் கருவி எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்த பத்தாண்டுகளில் இந்தியாவிலேயே ஒரு விடை உருவானது.

அந்த விடையை விளங்கிக்கொள்ள, அடிபம்பு தண்ணீரை எப்படி மேலே கொண்டுவருகிறது என்பது தெரிய வேண்டும். வீட்டு முற்றங்களில் இருந்த பழைய வார்ப்பிரும்புப் பம்பில், கைப்பிடியை அழுத்தினால் தலைக்குள் இருக்கும் பிஸ்டன் மேலேறும். பிஸ்டனைச் சுற்றித் தோல் வாஷர் இருக்கும். அது உருளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவதால் கீழே காற்று குறைந்து, கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று நீரைக் குழாய்க்குள் தள்ளிவிடும். நாம் உறிஞ்சுவதாக நினைக்கிறோம். உண்மையில் காற்றுதான் தள்ளுகிறது. வாஷர் காய்ந்திருந்தால் ஒட்டாது என்பதால்தான் காலையில் ஒரு செம்பு தண்ணீரைப் பம்பின் தலைக்குள் ஊற்றிவிட்டு அடிப்பார்கள். ஆனால் காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி பத்து மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல்வரை அது நீரைத் தள்ளும். நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே பம்பு திணறும். நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டால், எவ்வளவு வலிமையாக அடித்தாலும் பயனில்லை.

ஆழத்தில் இருக்கும் நீருக்கு வேறு வழி வேண்டும். பிஸ்டனையும் உருளையையும் தரைக்கு மேலே வைக்காமல், நீருக்குள்ளேயே இறக்கிவிட வேண்டும். தலையிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பி, நம் மெக்கானிக்குகள் சொல்லும் ராடு, குழாய்க்குள் இறங்கிப் பிஸ்டனைப் பிடித்திருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது ராடு மேலேறி, பிஸ்டனுக்கு மேலிருக்கும் நீரைத் தூக்கும். கைப்பிடியை விட்டால் ராடு இறங்கும், உருளையின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு மூடிக்கொண்டு நீர் திரும்பிக் கிணற்றுக்குள் ஓடாமல் தடுக்கும். இதில் காற்றழுத்தத்தின் எல்லை குறுக்கே வராது. நீரைத் தூக்கும் சுமை முழுவதும் ராடு, கைப்பிடி, அவற்றை இணைக்கும் பிணைப்பு ஆகியவற்றின் மேல் விழுகிறது என்பதுதான் இதன் விலை.

பீகாரில் 1966-67-இல் கடும் வறட்சி வந்தபோது, யூனிசெஃப் கடினப் பாறையைத் துளைக்கும் காற்றழுத்த ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கைகளால் மாதக்கணக்கில் தோண்ட வேண்டிய பாறையை அந்த இயந்திரங்கள் ஓரிரு நாளில் துளைத்தன. அதுவரை கிணறே சாத்தியமில்லை என்று இருந்த ஊர்களிலும் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அந்தப் புதிய துளைகளின் மேலே வைக்கப்பட்டவையோ வார்ப்பிரும்புப் பம்புகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு குடும்பம் தன் கொல்லையில் நாளுக்குச் சில முறை அடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவற்றின் நகல்கள் அவை. இங்கே ஒரு பம்பின் முன்னால் விடிவதற்கு முன்பே ஊரின் பாதிக் குடங்கள் வரிசையில் நின்றன. கைப்பிடியைப் பிணைக்கும் ஊசிகள் தேய்ந்தன, வார்ப்பு விரிசல் விட்டது, ராடு கழன்று விழுந்தது. எழுபதுகளின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது, நிறுவப்பட்ட பம்புகளில் பெரும்பாலானவை வேலை செய்யாமல் கிடந்தன. கிணறு தோண்டும் பகுதியில் உலகத்தின் சிறந்த இயந்திரமும், நாள்தோறும் மக்கள் கைபடும் பகுதியில் இடத்துக்குப் பொருந்தாத பொருளும் இருந்தால் நடப்பது இதுதான். பாறைக்குள் நல்ல நீர் இருந்தது. பெண்கள் பழையபடி குளத்துக்கே நடந்தார்கள்.

தீர்வு ஆய்வகத்திலிருந்து வராமல் பட்டறையிலிருந்து வந்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் குடிநீர்ப் பணி செய்துவந்த கிறித்தவ மிஷன் அமைப்புகளின் பட்டறைகளில், உடைந்த பம்புகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து அலுத்துப்போனவர்கள், வார்ப்பிரும்பைக் கைவிட்டு எஃகுத் தகட்டையும் குழாயையும் பற்றவைத்துப் புதிய தலைகளைச் செய்தார்கள். பல ஊசிகளில் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக்கு ஒரே அச்சும், கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்கும் கொடுத்தார்கள். சோலாப்பூர் பம்பு என்று பெயர் பெற்ற அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, யூனிசெஃபும் சென்னையில் இருந்த இயந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையும் சேர்ந்து அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யத்தக்கதாக மாற்றின. நீர்மட்டம் ஆழமாகவும் பயன்பாடு கடுமையாகவும் இருந்த கோயம்புத்தூர் வட்டாரத்தில் அதைச் சோதித்தார்கள். இந்தியா மார்க்-2 என்ற அந்தப் பம்புக்கு 1979-இல் இந்தியத் தர நிர்ணயம் கிடைத்தது. அதன் வடிவமைப்புக்குக் காப்புரிமை வைக்கவில்லை. தரத்துக்கு உட்பட்டு எந்தப் பட்டறையும் செய்துகொள்ளலாம். பிறகு அது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது.

அதன் தலையைத் திறந்தால் உள்ளே இருப்பது மிகக் குறைவு. முன்பக்க மூடியின் போல்ட்டைக் கழற்றினால் ஒரு சங்கிலி தெரியும், கிட்டத்தட்ட மோட்டார் சைக்கிள் செயினைப் போல. கைப்பிடியின் முனை கால்வட்டமாக வளைந்திருக்கும். சங்கிலி அந்த வளைவின் மேல் படிந்து ராடைப் பிடித்திருக்கும். கைப்பிடி வட்டத்தில் சுழன்றாலும், வளைவிலிருந்து தொங்கும் சங்கிலி எப்போதும் செங்குத்தாகவே மேலும் கீழும் போகும். பழைய பம்பில் ராடு ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்ந்ததற்கு இந்தச் சங்கிலியே மருந்தாயிற்று. கைப்பிடியோ உள்ளே வெற்றிடம் இல்லாத சதுர இரும்புப் பாளம். அது கனமாக இருப்பது சிக்கனம் தெரியாமல் அல்ல. 30 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் 12 மில்லிமீட்டர் ராடு ஏறத்தாழ 27 கிலோ இருக்கும், அந்த எடையைத் துலாக்கோலின் மறுதட்டுப் போலச் சமன்செய்வதற்காகவே பாளமாக வைத்தார்கள்.

கணக்கைச் சற்றுத் தொடரலாம். உருளையின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 125 மில்லிமீட்டர் ஏறும். இரண்டையும் கொண்டு கணக்கிட்டால் ஓர் அடிக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் நீர் வரும். நாற்பது அடியில் ஒரு குடம் நிரம்பும். நீர் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் பிஸ்டன் தூக்கும் நீர்ச்சுமை 95 கிலோ அளவுக்கு இருக்கும், கைப்பிடியின் நீளம் அதை ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைத்துவிடுவதால் பத்து வயதுப் பெண் பிள்ளையும் இரண்டு கையால் தொங்கி அடித்துவிடுகிறாள். மின்சாரமும் டீசலும் இல்லை. எளிமை என்பது அறிவைக் குறைத்துச் செய்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சங்கிலியையும் கைப்பிடியையும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சிக்கலான ஒன்றைச் செய்வதைவிட, இத்தனை குறைந்த பாகங்களுக்குள் இத்தனை கணக்கை அடக்குவதுதான் கடினம்.

இருந்தாலும் மார்க்-2 குறையில்லாதது அல்ல. சங்கிலியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ராடு தன் எடையாலேயே கீழே இறங்கியாக வேண்டும். ஆகவே நீர் மேலாக இருக்கும் இடத்தில், ராடு குட்டையாக, எடை குறைவாக இருப்பதால், இந்தப் பம்பு சரியாக ஓடாது. வங்கதேசத்தில் நீர்மட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. உள்ளூரிலேயே வார்ப்படப் பட்டறைகளும் ஏராளம். அங்கே ஆறாம் எண் பம்பு என்று வழங்கும் பழைய வார்ப்பிரும்பு உறிஞ்சு பம்பே நாடெங்கும் நிலைத்தது. ஒரே கருவி ஓரிடத்தில் தோல்வியும் மற்றோரிடத்தில் வெற்றியுமாக நிற்பதைக் காட்டிலும், பொருத்தம் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பெரிய குறை பராமரிப்பில் இருந்தது. மார்க்-2 அரிதாகவே பழுதாகும். பழுதானாலோ பெரும்பாலும் நீருக்குள் இருக்கும் வாஷரைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். சில ரூபாய் பெறும் அந்த வாஷருக்காக, நூறு கிலோவை எட்டும் இரும்புக் குழாய் முழுவதையும் துண்டு துண்டாக மேலே இழுத்தாக வேண்டும். அதற்கு முக்காலி, பிடிசாவிகள், நான்கைந்து ஆட்கள், அவர்களை ஏற்றிவர ஒரு வண்டி. தமிழ்நாட்டில் இதற்காக ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு நடமாடும் குழு என்று மூன்றடுக்கு ஏற்பாடு உருவானது. காகிதத்தில் அது நன்றாகவே இருந்தது. வண்டி வரும்வரை குடங்கள் காத்திருந்தன. எண்பதுகளில் கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே மறுபடியும் சோதனைகள் செய்து, மார்க்-3 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் செய்த முக்கிய மாற்றம் ஒன்றுதான்: குழாயை 65 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தியதால், குழாயை அப்படியே விட்டுவிட்டு ராடை மட்டும் இழுத்துப் பிஸ்டனையும் ஃபுட் வால்வையும் அதன் வழியே வெளியே எடுத்துவிடலாம். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. அது பல மடங்கு நாள் உழைத்தது. வாங்கும் விலை கூடிற்று, ஆனால் ஊரில் உள்ள இரண்டு பேர் சில சாவிகளோடு வேலையை முடித்துவிட முடிந்தது. உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் தொண்ணூறுகளில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் பயிற்சி பெற்று அடிபம்பு மெக்கானிக்குகளானார்கள். தண்ணீர் நின்றால் முதலில் அல்லாடுபவர் கையிலேயே சாவியும் இருந்தால் காத்திருக்கும் நாள் குறையும் என்பது எளிய உண்மை. திட்டம் போட்டவர்களுக்கு அது எட்ட இருபது ஆண்டு ஆயிற்று.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ப்ளேபம்ப் என்றொரு கருவியை உருவாக்கினார்கள். குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினமே அதன் கைப்பிடி. அவர்கள் விளையாட விளையாட நீர் உயரத்தில் இருக்கும் 2,500 லிட்டர் தொட்டிக்கு ஏறும்; தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகைகள் இருக்கும்; விளம்பர வருமானம் பராமரிப்புக்குப் போகும். கேட்பவர் மனம் குளிரும் யோசனை. 2006-இல் அமெரிக்காவில் பெரும் ஆரவாரத்தோடு நிதி அறிவிக்கப்பட்டது; 2010-க்குள் ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 ப்ளேபம்புகள் நிறுவுவது இலக்கு. ஒன்றின் விலை ஏறத்தாழ 14,000 டாலர். சாதாரண அடிபம்பைப் போல நான்கு மடங்கு. சில ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே இதைப் பொருத்தினார்கள். இந்தத் திட்டம் நீர் தருவதாகச் சொன்ன அத்தனை பேருக்கும் அது கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று 2009-இல் கணக்கிட்டது. குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் ராட்டினத்தைத் தள்ளிச் சுற்றியவர்கள் தாய்மார்களும் பாட்டிமார்களும். மண்சாலை ஊரில் விளம்பரம் கொடுக்க யாரும் வரவில்லை. பழுதானால் ஊரில் எவராலும் கைவைக்க முடியவில்லை. 2010-இல், ப்ளேபம்புகளைப் பரப்பிவந்த அமைப்பு பணியை நிறுத்திக்கொண்டது. கருவியைக் கண்டுபிடித்தவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குடத்தோடு நிற்பவரைக் கேட்டிருந்தால், நின்றுகொண்டு அடிக்கும் கைப்பிடியே போதும் என்று சொல்லியிருப்பார்.

எளிய கருவி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறே. மேலே சொன்ன வங்கதேசத்திலேயே, குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். அவற்றின் நீரில் ஆர்செனிக் கலந்திருப்பது 1993-இல்தான் தெரியவந்தது. பிறகு சோதித்து, குடிக்கத் தகாத பம்புகளுக்குச் சிவப்பு வண்ணமும் தகுந்தவற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசினார்கள். பம்பின் மேல் பழி இல்லை, அது தன் வேலையைச் செய்தது. ஆனால் நீரின் தரத்தை அறிய நவீன வேதியியல் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் நடந்தது வேறு. பாசன மோட்டார்கள் பெருகி நீர்மட்டம் கைப்பிடிக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கியபோது, ஊர்தோறும் பம்பின் தலையைக் கழற்றிவிட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி, பக்கத்தில் சின்டெக்ஸ் தொட்டியும் நான்கு குழாய்களும் வைத்தார்கள். மினி பவர் பம்ப் என்று நம்மூரில் அழைக்கப்படும் அந்த ஏற்பாடு, குடம் சுமப்பவரின் தோளுக்கும் இடுப்புக்கும் உண்மையிலேயே ஓய்வு கொடுத்தது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

குறை, மின்சாரம் நின்ற நாளில் தெரிந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அடுத்த வாரம் ஒரத்தநாட்டுப் பக்கம் உறவினர் ஊருக்குப் போயிருந்தேன். மின்கம்பங்கள் வயலில் கிடந்தன, தொட்டிகள் காலி. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து வாடகைக்குத் தொட்டி நிரப்பினார்கள். காசு உள்ள வீட்டுக்கு அது சரி. கோயிலுக்குப் பின்னால் கழற்றப்படாமல் விட்டுப்போன ஒரு மார்க்-2 நின்றுகொண்டிருந்தது. அதன் கைப்பிடியில் யாரோ பல காலமாக ஆட்டைக் கட்டிவந்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு, முன்மூடியைத் திறந்து, டிராக்டருக்குப் போடும் கிரீஸை விரலால் எடுத்துச் சங்கிலியில் தடவினார் ஒரு பெரியவர். முதல் அரை மணி நேரம் காற்றுதான் வந்தது. பிறகு செங்காவி நிறத்தில் துரு நீர். எட்டாவது குடமோ ஒன்பதாவதோ தெளிந்தது, அதற்குள் வரிசை கோயில் வாசலைச் சுற்றிவிட்டது.

இப்போது இந்தத் துறையில் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை மெல்ல விட்டுவருகிறார்கள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் உள்ளடங்கிய ஊர்களில், ஒரே ஆழ்துளைக் கிணற்றில் சூரிய ஒளி மின்சாரத்தால் ஓடும் சிறிய மோட்டாரையும் அடிபம்பையும் சேர்த்துப் பொருத்துகிறார்கள். வெயில் இருக்கும்போது மோட்டார் தொட்டியை நிரப்பும். குழாயைத் திறந்தால் போதும். மேகம் மூடினாலோ மோட்டார் எரிந்துபோனாலோ கைப்பிடி அதே இடத்தில் இருக்கும். இரண்டும் ஒரு துளைக்குள் இடிக்காமல் இறங்குவதற்காக அடிபம்பின் தலையில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். சங்கிலியையும் சதுரப் பாளத்தையும் யாரும் தொடவில்லை.